தக்காளி ஏன் கக்கத்துக்குக் கக்கம் கிளை விடுது, இலை ஏன் வெட்டு வெட்டா இருக்கு? எல்லாரும் கேக்குற கேள்விகள்

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல எங்க வீட்டு வாசல்ல இருவது முப்பது பாலிபேக்ல தக்காளி வச்சிருக்கேன். பாதிச் செடியோட இலை நமக்குத் தெரிஞ்ச மாதிரி வெட்டு வெட்டா இருக்கும், மீதிப் பாதி உருளைக்கிழங்குச் செடி மாதிரி அகலமா, ஓரம் மழமழன்னு இருக்கும். கோயிலுக்குப் போறவங்க, பசாருக்குப் போறவங்க எல்லாரும் நின்னு பாத்து ஒரு கேள்வியாச்சும் கேட்டுட்டுத்தான் போவாங்க. நான் செம்பனை நாத்துப் பண்ணையில 11 வருசம் வேலை செஞ்சவ, மக ஆறாம் படிவத்துல பயோலஜி எடுத்தப்ப அவகூட உக்காந்து படிக்க ஆரம்பிச்சது, அப்புறம் விட முடியல. அடிக்கடி கேக்குற கேள்விகளையும் நான் சொல்ற பதிலையும் இங்க எழுதி வச்சிருக்கேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

அக்கா, இலைக்கும் தண்டுக்கும் நடுவுல வர்றத கிள்ளிப் போடுறீங்களே, அது இன்னொரு இலை தானே?

இலை இல்ல, அது ஒரு முழு செடி. இலைக்காம்பு தண்டோட சேர்ற எடத்த கக்கம்னு சொல்லுவோம், அங்க ஒரு கண்ணு இருக்கும், அது முளைச்சா தனியா தண்டு, இலை, பூ, காய் எல்லாம் விடும். அத கிள்ளி ஈர மண்ணுல குத்தி நிழல்ல வச்சாலே வேர் விட்டுரும், நான் நெறைய பேருக்கு அப்படித்தான் செடி குடுத்திருக்கேன்.

எது இலை, எது கிளைன்னு குழப்பம் வந்தா ரப்பர் மரத்த நெனச்சுக்கோங்க. ரப்பர்ல ஒரு காம்புக்கு மூணு இலை இருக்குற மாதிரி தெரியும், ஆனா அந்த மூணும் சேந்துதான் ஒரே இலை, மூணும் சிற்றிலை. ஒட்டுக் கட்டினவங்கள கேளுங்க, கண்ணு எடுக்கும்போது முழுக் காம்பு விழுந்த தழும்புக்கு மேல இருந்துதான் எடுப்பாங்க, சிற்றிலைக்கு அடியில யாரும் தேட மாட்டாங்க, ஏன்னா அங்க கண்ணு கெடையாது. தக்காளியும் அதே தான். நீங்க ஒரு இலைன்னு நெனச்சுப் பறிக்கிறது பல நேரத்துல ஒரு சிற்றிலை தான், அதுக்குக் கக்கம் இல்ல.

நுனிய ஒடிச்சிட்டா மட்டும் ஏன் பக்கத்துல எல்லாக் கண்ணும் சேந்து முளைக்குது?

இது நம்ம ஊர்ல எல்லாருக்கும் கையில தெரிஞ்ச விசயம். ரப்பர் நாத்துல ஒட்டு பிடிச்சதுக்கு அப்புறம் கண்ணுக்கு மேல இருக்குற நாத்துத் தலைய வெட்டிருவாங்க, வெட்டலன்னா கண்ணு உயிரோட இருக்கும் ஆனா தூங்கிட்டே இருக்கும். கறிவேப்பிலை, முருங்கை எல்லாத்தையும் நம்ம பாட்டி நுனி ஒடிச்சு விடுறது இதுக்குத்தான், கேமரன் மலையில தேயிலைய கொழுந்து கிள்ளக் கிள்ள பரவலா வர்றதும் இதே.

நுனியில ஆக்சின்னு ஒரு ஹார்மோன் உருவாகி தண்டு வழியா கீழ எறங்கும். 1930கள்ல திமன், ஸ்கூக்னு ரெண்டு விஞ்ஞானிங்க அவரைக் குடும்பத்துச் செடி ஒண்ணுல நுனிய வெட்டிட்டு வெட்டுன எடத்துல ஆக்சின வச்சுப் பாத்தாங்க, நுனி இல்லாமலேயே பக்கக் கண்ணு முளைக்காம அடங்கி இருந்துச்சு. வேர்ல இருந்து ஸ்ட்ரிகோலாக்டோன்னு இன்னொரு ஹார்மோன் மேல வரும், அதுவும் அடக்குற கட்சி, தக்காளியில அத உருவாக்குற ஜீன கொறச்சுப் பாத்தப்ப செடி புதர் மாதிரி கிளை விட்டுச்சு. சைட்டோகைனின்னு இன்னொரு ஹார்மோன், அது கண்ண எழுப்புற கட்சி. இதோட சக்கரையும் இருக்கு, 2014ல பட்டாணியில பாத்தாங்க, நுனி வெட்டின கொஞ்ச நேரத்துலயே, தண்டுல ஆக்சின் கொறையுறதுக்கு முன்னாடியே, சக்கரை கண்ணுக்கு ஓடிருது, கண்ணு அதுலதான் மொதல்ல முழிக்குது. நுனிதான் அதுவரைக்கும் சாப்பாட்டையெல்லாம் இழுத்துக்கிட்டு இருந்திருக்கு.

இந்த எல்லா சேதியும் கடைசியில கண்ணுக்குள்ள ஒரு ஜீன்ல வந்து சேருது, தக்காளியில அதுக்கு ரெண்டு காப்பி இருக்கு, பிராஞ்ச்ட் ஒன் ஏ, பிராஞ்ச்ட் ஒன் பி. இதுல பி காப்பிய கொறச்சா தூங்க வேண்டிய கண்ணெல்லாம் முளைச்சுரும்.

அப்ப கிளையே விடாத தக்காளி இருக்கா?

இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ண பிரிச்சுப் பாக்கணும், கண்ணு உருவாகுறது வேற, உருவான கண்ணு முளைக்கிறது வேற. மேல சொன்ன ஆக்சின், சக்கரை கதையெல்லாம் ரெண்டாவது. மொதல் வேலையில கோளாறு வந்தா கக்கத்துல கண்ணே இருக்காது, நுனிய எவ்வளவு ஒடிச்சாலும் ஒண்ணும் வராது.

அப்படி ஒரு மியூட்டேஷனுக்கு, அதாவது ஜீன்ல வந்த மாற்றத்துக்கு, பேரு லேட்டரல் சப்ரெஸ்ஸர். அந்தச் செடியில பூ வர்றதுக்கு முன்னாடி உள்ள இலைகளோட கக்கமெல்லாம் காலியா, வழுவழுன்னு இருக்கும். 1999ல ஜெர்மனியில கொலோன்ல இந்த ஜீன கண்டுபிடிச்சாங்க. 2002ல இன்னொண்ணு, பிளைண்ட், அது கெட்டாலும் பக்கக் கிளை கொறஞ்சுரும், பூக்கொத்துல பூவும் கொறஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். இது தக்காளிக்கு மட்டும் உள்ள ஏற்பாடு இல்ல, நெல்லுலயும் லேட்டரல் சப்ரெஸ்ஸரோட சொந்தக்கார ஜீன் ஒண்ணு இருக்கு, பேரு மோனோகல்ம் ஒன், 2003ல சீனாவுல கண்டுபிடிச்சாங்க, அது கெட்டா நெல்லு தூர் கட்டாது, ஒத்தத் தண்டா நிக்கும்.

அந்த விதையவே வித்தா கிள்ளுற வேலையே இல்லாம போயிரும்ல, ஏன் விக்கல?

பண்ணைக்காரங்களும் இதே ஆசைப்பட்டாங்க. ஆனா லேட்டரல் சப்ரெஸ்ஸர் கெட்ட செடியில பூவுக்கு இதழே சரியா வராது, பூ எண்ணிக்கை கொறையும், காய் பிடிக்கிறதும் கொறையும். கிளைக்கு மட்டும்னு ஒரு ஜீன் இல்ல, செடி ஒரே ஜீன பல எடத்துல வேலை வாங்கும்.

இன்னொண்ணு, இது எனக்கு மொதல்ல படிச்சப்ப தூக்கமே வரல. நம்ம தக்காளியோட நடுத்தண்டுன்னு சொல்றோமே, அது ஒரே தண்டு இல்ல. விதையில இருந்து வர்ற தண்டு 8 முதல் 12 இலை விட்டுட்டு பூக்கொத்தா முடிஞ்சிரும், அதோட அந்த நுனியோட வளர்ச்சி தீந்துச்சு. அந்தப் பூவுக்கு ஒடனே கீழ இருக்குற இலையோட கக்கக் கண்ணு எந்திரிச்சு மேல போகும், 3 இலை விடும், பூவுல முடியும், மறுபடி அடுத்த கக்கம், மறுபடி 3 இலை. பூக்கொத்து பக்கவாட்டுல தள்ளப்பட்டு தண்டு நேரா போற மாதிரி நமக்குத் தெரியுது, அவ்வளவுதான். நாம கயிறு கட்டி ஆறடிக்கு ஏத்துற அந்த நடுத்தண்டே ஒண்ணு மேல ஒண்ணு ஏறுன பக்கக் கிளைகளோட சங்கிலி. லேட்டரல் சப்ரெஸ்ஸர் கெட்ட செடியிலகூட பூவுக்கு ஒடனே கீழ உள்ள கண்ணு வந்துரும், அதனாலதான் அது மேல வளருது.

செம்பனைய பாருங்க, அதுக்கு ஒரே குருத்து, காண்டாமிருக வண்டு உள்ள போயி அந்தக் குருத்த மொத்தமா தின்னுட்டா மரம் போச்சு, பக்கத்துல இருந்து வேற குருத்து எந்திரிக்காது. தக்காளிக்கு அந்த பயம் இல்ல, ஒவ்வொரு கக்கத்துலயும் ஒரு உயிர் காத்துக்கிட்டு இருக்கு.

இலை ஏன் வெட்டு வெட்டா இருக்கு? பூச்சி கடிச்சதா?

பொறக்கும்போதே அப்படித்தான். இலை மொதல்ல நுனியில ஒரு குண்டூசித் தலையவிட சின்ன மேடா கெளம்பும். சாதாரண ஒத்த இலைச் செடியில அந்த மேடு சீக்கிரம் முத்தி அப்படியே தட்டையா விரிஞ்சுரும். தக்காளியில நாக்ஸ்னு ஒரு ஜீன் கூட்டம் இலைக்குள்ளயும் வேலை செஞ்சு அந்த மேட்ட ரொம்ப நாள் பச்சப்புள்ளையாவே வச்சிருக்கும், அந்த நேரத்துல ஓரத்துல ஆக்சின் சேருற எடத்துல எல்லாம் ஒரு சிற்றிலை எந்திரிக்கும். 1996ல இஸ்ரேல்ல மக்காச்சோளத்தோட நாக்ஸ் ஜீன தக்காளியில போட்டு ஓயாம ஓட விட்டாங்க, ஒரே இலையில நூத்துக்கணக்குல சிற்றிலை வந்துருச்சு.

இதுக்கு எதிர்ப்பக்கம் லான்சியோலேட்னு ஒரு ஜீன், அது இலைய சீக்கிரம் முத்த வைக்கும். சாதாரணமா மைக்ரோ ஆர்என்ஏ 319னு ஒரு சின்னத் துண்டு அத அடக்கி வச்சிருக்கு. ஒரு மியூட்டேஷன்ல அந்த அடக்குற கை பிடிக்குற எடம் மட்டும் மாறிப் போச்சு, ஜீன் கட்டவுந்து ஓடுது, இலை ரொம்ப சீக்கிரமே முத்தி நீட்டமா, வெட்டே இல்லாம ஒத்த இலையா நின்னுருது. எண்டயர்னு இன்னொரு மியூட்டேஷன், அதுல ஆக்சினுக்கு போடுற பிரேக் போயிருது, சிற்றிலைக்கும் சிற்றிலைக்கும் நடுவுல வளரக்கூடாத எடமும் வளந்து எல்லாம் ஒட்டி ஒரே இலையாயிரும். அதே செடியில மகரந்தம் சேராமலேயே விதையில்லாத காயும் பிடிக்கும், பாருங்க எங்க தொட்டா எங்க ஆடுதுன்னு.

கலாபகோஸ் தீவுல ஒரு காட்டுத் தக்காளி இருக்கு, இலை கொத்தமல்லி மாதிரி அவ்வளவு நுணுக்கமா வெட்டியிருக்கும். அதுக்குக் காரணம் ஒரு ஜீனுக்கு முன்னாடி இருக்குற சுவிட்சு பகுதியில ஒரே ஒரு டி.என்.ஏ எழுத்து காணாம போனதுதான்னு 2008ல கலிபோர்னியாவுல கண்டுபிடிச்சாங்க. ஒரே எழுத்து!

கிளையையும் இலையையும் ஏன் எப்பவும் சேத்தே பேசுறீங்க? ரெண்டும் வேற வேற தானே?

இந்தக் கேள்விய கேட்டா நான் நாற்காலி எடுத்துப் போட்டு உக்கார வச்சிருவேன், நான் இத எழுதுறதே இந்த ஒரு பதிலுக்குத்தான்.

வயலுக்கு நடுவுல வரப்பு இருக்குமே, அத நெனச்சுக்கோங்க. தண்டு ஒரு வயல், இலை ஒரு வயல், ரெண்டும் வேகமா வளருது, நடுவுல உள்ள செல்லு மட்டும் மெதுவா, பெருசா வளராம வரப்பு மாதிரி நிக்குது. இந்த வரப்ப போடுற ஜீன்ல ஒண்ணு காப்லெட், வரப்பு இல்லாம மொத ரெண்டு வித்திலையும் ஒட்டி ஒரு கிண்ணம் மாதிரி ஆயிட்டதால கிண்ணம்னு அர்த்தம் வர்ற பேரு. வரப்புல உள்ள செல்லு இன்னும் எதுவாவும் ஆகாம, எது வேணா ஆகலாம்ங்கிற நெலமையில இருக்கும், லேட்டரல் சப்ரெஸ்ஸரும் பிளைண்டும் அத அப்படியே காப்பாத்தும், அங்கதான் கண்ணு பொறக்கும்.

இப்ப இலைக்குள்ள வாங்க. சிற்றிலைக்கும் சிற்றிலைக்கும் நடுவுலயும் அதே வரப்பு! அதே காப்லெட், அதே லேட்டரல் சப்ரெஸ்ஸர், அப்புறம் பிளைண்டோட கூடப்பொறந்த ஜீன் ஒண்ணு. அந்த கூடப்பொறந்ததுதான் எங்க வீட்டு வாசல்ல பாதிச் செடியில கெட்டுப் போயிருக்கு, பேரே பொட்டேட்டோ லீஃப். பழைய காலத்துல ஒரே ஜீனா இருந்தது ரெண்டு காப்பியா பிரிஞ்சு, ஒண்ணு கக்கத்துக் கண்ண பாத்துக்குது, இன்னொண்ணு இலையோட வெட்ட பாத்துக்குது. 2011ல இத கண்டுபிடிச்சு எழுதுன விஞ்ஞானிங்க லேட்டரல் சப்ரெஸ்ஸர் கெட்ட செடியோட இலையையும் பாத்திருக்காங்க, கிளை இல்லாத அந்தச் செடியில குட்டி குட்டிச் சிற்றிலையும் கொறஞ்சுதான் இருந்துச்சு.

வரப்பு போடலன்னா ரெண்டு வயலும் ஒண்ணா கலந்துரும்ல, அது மாதிரிதான் பொட்டேட்டோ லீஃப்ல சிற்றிலை கொறஞ்சு, ஓரத்துப் பல்லு மழுங்கி, அகலமா ஆயிருச்சு. நீங்க கிள்ளிப் போடுற கிளையும் பாத்து ரசிக்கிற இலை வெட்டும் ஒரே கருவிப் பெட்டியில இருந்து வந்தது. தண்டுல பயன்படுத்தினா கிளை, இலையில பயன்படுத்தினா சிற்றிலை. இத தெரிஞ்சதுக்கு அப்புறம் என்னால ஒரு தக்காளி இலைய சும்மா பறிச்சுப் போட முடியல.

அந்த அகல இலைச் செடி ஜீன் மாத்தின விதையா? சாப்பிடலாமா?

இல்ல, தாராளமா சாப்பிடலாம். பிராண்டிவைன் மாதிரி பழைய நாட்டு ரகங்கள்ல ரொம்ப காலமா இருக்குற இலை இது. ரைடர்னு ஒரு டி.என்.ஏ துண்டு இருக்கு, அது தன்னைத்தானே காப்பி எடுத்து வேற எடத்துல போயி ஒட்டிக்கும், அது பொட்டேட்டோ லீஃப் ஜீனுக்குள்ள போயி உக்காந்ததால ஜீன் கெட்டுச்சு. இதே ரைடர் வேற எடத்துல ஒரு ஜீன தூக்கிட்டுப் போயி வச்சதாலதான் சில ரகத்துல பழம் நீட்டமா ஆச்சு. மனுசன் கை வைக்கவே இல்ல.

எங்க வீட்டுது இடுப்பு உயரத்தோட நின்னுருச்சு, ஒரம் பத்தலையா? அதையும் கிள்ளணுமா?

கிள்ளாதீங்க, தயவுசெஞ்சு கிள்ளாதீங்க. அது குட்டை ரகம். 1914ல ஃபுளோரிடாவுல ஒரு செடி தானா மாறி வந்துச்சு, அந்த மாற்றத்துக்குப் பேரு செல்ஃப் ப்ரூனிங். மேல சொன்னேன்ல, பூவுக்குப் பூ 3 இலைன்னு, இந்த ரகத்துல அது கொறஞ்சுக்கிட்டே வந்து கடைசியில பூவோட நின்னுரும். பழமும் ஏறக்குறைய ஒரே நேரத்துல பழுக்கும், அதனாலதான் மெஷின்ல அறுக்குற சாஸ் தக்காளியெல்லாம் இந்த ரகம். இதுல பக்கக் கிளையிலதான் காய் வரும், அத கிள்ளிட்டா கைக்கு ஒண்ணும் மிஞ்சாது. போன வருசம் பக்கத்துத் தெரு தங்கச்சி ஒருத்தி நெட்டை ரகத்துக்கு செய்ற மாதிரியே எல்லாத்தையும் கிள்ளிட்டு நாலே நாலு பழம் பறிச்சா, மனசு கஷ்டமா இருந்துச்சு.

செம்பனை வேலை பாத்தவங்களுக்கு ஒரு விசயம் சொல்லணும். தோட்டத்துல நடுற நம்ம டெனேரா ரகம் எப்படி வருது? கொட்டையில தடி ஓடு உள்ள டூராவையும் ஓடே இல்லாத பிசிஃபெராவையும் சேத்தா மெல்லிய ஓடு உள்ள டெனேரா, எண்ணெய் சுமார் 30 சதவீதம் கூட. ஒரே ஜீன், ஒரு நல்ல காப்பி ஒரு கெட்ட காப்பி, ரெண்டும் சேந்தாத்தான் லாபம். ஓட்ட தீர்மானிக்குற அந்த ஜீனுக்குப் பேரு ஷெல், அத மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்து ஆளுங்க 2013ல கண்டுபிடிச்சாங்க. தக்காளியிலயும் அப்படியே ஒண்ணு 2010ல வந்துச்சு, பூ பூக்கச் சொல்ற சிங்கிள் ஃபிளவர் ட்ரஸ்னு ஒரு ஜீன், அது ரெண்டு காப்பியும் கெட்டா செடி இலையா வளந்துக்கிட்டே போகும், ஒரே ஒரு காப்பி மட்டும் கெட்டிருந்தா குட்டை ரகத்துல விளைச்சல் 60 சதவீதம் வரைக்கும் கூடுச்சு.

இலை திடீர்னு நூலு மாதிரி சுருண்டு மெலிஞ்சு போச்சு, இதுவும் ஜீன் மாற்றமா?

நல்லா இருந்த செடி பாதியில மாறினா அது ஜீன் இல்ல. ஒண்ணு வைரஸ், வெள்ளை ஈ, அசுவினி கொண்டு வரும், அந்தச் செடிய பிடுங்கிருங்க. இல்லாட்டி புல்லு மருந்து. எங்க வீட்டுப் பின்னாடி ஒருத்தர் நெலத்துல புல்லுக்கு மருந்தடிச்ச மூணாம் நாள் என் எட்டுச் செடியோட புது இலையெல்லாம் மெலிஞ்சு முறுக்கிக்கிச்சு, பழைய இலை அப்படியே இருந்துச்சு. 2,4-டி மருந்து செயற்கை ஆக்சின் தான், இலை தன்னோட ஆக்சின் எங்க சேரணும்னு கணக்குப் போட்டு வெட்டு போடுது, வெளிய இருந்து மருந்து வந்து எல்லா எடத்துலயும் கொட்டினா அந்தக் கணக்கு கலைஞ்சுரும். லேசா பட்டிருந்தா ஒரு மாசத்துல அடுத்த இலைகள் சரியா வரும், அவசரப்பட்டு பிடுங்காதீங்க.

அகல இலையில பழம் இனிக்குமா?

2020ல வெளியான ஒரு ஆராய்ச்சியில இலை உருண்டையா இருந்த ரகங்கள்ல பழத்தோட சக்கரை கூடுதலா இருந்துச்சு. என் வாசல்ல எனக்கு அகல இலைதான் பிடிக்கும், ஆனா நம்ம ஊரு ராத்திரி சூட்டுல ரெண்டுமே பூவ உதுத்துரும், இலைய பாத்து ரகம் எடுக்காதீங்க, சூடு தாங்குறதா, வாடல் நோய் தாங்குறதான்னு பாத்து எடுங்க.

ரெண்டு ரகமும் பக்கத்துல பக்கத்துல இருக்கே, விதை எடுத்தா கலந்துருமா?

தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்துலயே காய்க்கும், ஆனா கருவண்டு வந்து உலுக்கிட்டுப் போனா சிலது கலக்கும். இத கண்டுபிடிக்க அகல இலைய விட நல்ல அடையாளம் வேற கெடையாது. ரெண்டு காப்பியும் கெட்டாத்தான் அகல இலை வரும், அதனால அகல இலைச் செடியோட பழத்துல விதை எடுத்து முளைக்க வைங்க, மூணாவது நாலாவது இலை வரும்போது நாத்த பாருங்க. எல்லாம் அகலமா இருந்தா சுத்தமான விதை. நடுவுல ஒண்ணு வெட்டு இலையோட நின்னா அதுக்கு அப்பா பக்கத்துச் செடி, சந்தேகமே வேணாம்.

அந்தக் கலப்பு நாத்த தூக்கிப் போடாம தனி பேக்ல வைங்க, அதோட பழத்துல விதை எடுத்து 40 நாத்து போட்டா சுமார் 30 வெட்டு இலை, 10 அகல இலை வரும். மக பரீச்சைக்குப் படிச்ச மூணுக்கு ஒண்ணு கணக்க நான் எண்ணிப் பாத்தது எங்க வாசல்லதான், எனக்கு 28ம் 12ம் வந்துச்சு. விதை வேணும்னா சாயந்தரம் வாங்க, ரெண்டு ரகமும் கடுதாசியில மடிச்சு வச்சிருக்கேன்.